மலையேறிய மாணவர் – புனித பியர் ஜார்ஜோ பிரசாத்தி



வீடு மந்திரிக்கச் செல்லும் நேரங்களில் பெற்றோர் என்னிடம் அடிக்கடி சொல்லும் முறைப்பாடு ஒன்று உண்டு. பையன் பந்து விளையாடப் போனால் விளக்கு வைத்த பிறகுதான் வீடு திரும்புகிறான். ஞாயிற்றுக்கிழமை வந்தால் பீடச் சிறுவர் கூட்டம், பாடகர் குழு என்று கோவிலே கதியாகக் கிடக்கிறான். இப்போது வின்சென்ட் தே பவுல் சபையாரோடு சேர்ந்து வீடு வீடாக வேறு போகத் தொடங்கிவிட்டான். அரசுத் தேர்வு நெருங்குகிறது, சாமிதான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்பார்கள். நானும் அவர்கள் பக்கம் சேர்ந்துகொண்டு, முதலில் படிப்பு, மற்றவை எல்லாம் பிறகு என்று பல தடவை புத்தி சொல்லியிருக்கிறேன். அப்படிச் சொல்லிவிட்டு அறைக்குத் திரும்பும்போது என் மனதை உறுத்தும் முகம் ஒன்று உண்டு. அது இத்தாலி நாட்டுத் தூரின் நகரில் வாழ்ந்து, 24 வயதில் இறந்துபோன மாணவர் பியர் ஜார்ஜோ பிரசாத்தியின் முகம்.

கையில் லீலி மலரும் தலையைச் சுற்றி ஒளிவட்டமுமாகப் புனிதர்களைப் பார்த்துப் பழகியவர்கள் நாம். இவருடைய படங்களோ வேறுவிதமானவை. மலைப்பாறைகளின் நடுவே, முரட்டுக் காலணி அணிந்து, வாயில் புகைக்குழாயுடன், வாய்விட்டுச் சிரிக்கும் ஒரு வாலிபனையே அவற்றில் காண்கிறோம். பள்ளி மணி அடித்த பின் கிடைக்கும் ஓய்வு நேரத்தை ஒரு மாணவன் எப்படிச் செலவிட்டான், அந்த நேரம் அவனை எங்கே கொண்டு சேர்த்தது என்பதுதான் இவருடைய வரலாறு. அதை இந்த யூபிலி மலரில் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

வசதியான வீடு, வறண்ட உள்ளம்

1901ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள், பெரிய சனிக்கிழமையன்று பியர் ஜார்ஜோ பிறந்தான். தந்தை அல்பிரேதோ பிரசாத்தி, லா ஸ்தாம்பா என்னும் புகழ்பெற்ற நாளிதழை நடத்தியவர். 1913இல் இத்தாலியின் செனட் சபை உறுப்பினரானவர். பின்னர் ஜெர்மனிக்கு இத்தாலியத் தூதராகச் சென்றவர். தாய் அதெலாயிதே ஓவியம் தீட்டுவதில் வல்லவர். 1902இல் பிறந்த லூசியானா ஒரே தங்கை.

அந்த வீட்டில் செல்வத்துக்குக் குறைவில்லை. விசுவாசத்துக்குத்தான் குறைவு. தந்தைக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. தாய் கோவிலுக்குப் போவார். ஆனால் அதிகப் பக்தி என்றால் அவருக்கும் அச்சம். கணவன் மனைவிக்குள் ஒற்றுமையும் இல்லை. உணவு வேளையில் ஒரு நிமிடம் தாமதித்தாலும் பிள்ளைகள் கண்டிப்புக்கு ஆளாவார்கள். இப்படிப்பட்ட வீட்டில் ஒரு புனிதர் வளர்ந்தார் என்றால், குடும்பச் சூழ்நிலையைச் சாக்காகச் சொல்லி எவரும் தப்ப முடியாது அல்லவா?

சிறு வயதிலேயே அவனது உள்ளம் எப்பக்கம் சாய்ந்தது என்பது தெரிந்தது. ஒரு நாள் ஏழைத் தாய் ஒருத்தி, காலில் செருப்பில்லாத தன் குழந்தையோடு வாசலில் வந்து நின்றாள். கதவைத் திறந்த பியர் ஜார்ஜோ, தன் காலில் கிடந்த காலணிகளையும் காலுறைகளையும் கழற்றிக் கொடுத்துவிட்டு, பெரியவர்கள் கண்ணில் படுமுன் கதவைச் சாத்தினான். அவனுடைய சிறு வயதுப் பொழுதுபோக்குகளில் ஒன்று சேகரிப்பு. பழைய தபால்தலை, டிராம் வண்டிச் சீட்டு, மிட்டாய் சுற்றிவரும் வெள்ளித்தாள் எல்லாவற்றையும் சேர்த்து வைப்பான். தன் அலமாரியில் அடுக்கி அழகு பார்ப்பதற்காக அல்ல. மறைபரப்பு நாடுகளில் உழைக்கும் குருக்களுக்கு அவற்றால் கொஞ்சம் பணம் கிடைக்கட்டும் என்பதற்காக.

லத்தீனில் தவறிய மாணவன்

படிப்பில் அவன் கெட்டிக்காரன் அல்ல. மாசிமோ தசேலியோ என்னும் அரசுப் பள்ளியில் படித்துவந்தவன், 1913இல் லத்தீன் பாடத்தில் தோற்றுப் போனான். நாடறிந்த பத்திரிகை ஆசிரியரின் மகன் தோற்றான் என்றால் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தந்தைக்குப் பெருத்த அவமானம். ஆண்டு வீணாகாதிருக்க, சேசு சபைக் குருக்கள் நடத்திய பள்ளியில் மகனைச் சேர்த்தார்கள்.

தோல்வி என்று பெற்றோர் கருதிய அந்த மாற்றமே கடவுள் திறந்துவிட்ட வாசலாயிற்று. அடிக்கடி நன்மை வாங்கும்படி விசுவாசிகளைப் பாப்பரசர் பத்தாம் பத்திநாதர் 1905இல் தூண்டியிருந்த காலம் அது. பள்ளிக் குருக்கள் பியர் ஜார்ஜோவையும் தினமும் திருப்பலியில் நன்மை வாங்க ஊக்குவித்தார்கள். பழக்க தோஷத்தில் பக்தி குளிர்ந்துவிடும் என்று தாய் முதலில் தடுத்தார், பிறகு இணங்கினார். அன்று தொடங்கியது சாகும் வரை நிற்கவில்லை. செப அப்போஸ்தலிக்க சபையிலும் தேவமாதா சபையிலும் அவன் பெயர் ஏறியது அந்தப் பள்ளியில்தான்.

கோடை விடுமுறைக்குக் குடும்பத்தார் பொல்லோனே என்ற மலைக் கிராமத்துக்குப் போவது வழக்கம். அதற்கு மேலே ஓரோப்பாவில் கருநிற மாதாவின் திருத்தலம் இருக்கிறது. வேளாங்கண்ணிக்கு நடந்து போகும் நம் மக்களுக்கு அந்த ஆசை புரியும். விடியுமுன் எழுந்து அங்கே நடந்து சென்று, திருப்பலி கண்டு, வீட்டார் காலை உணவுக்கு உட்காருமுன் திரும்பிவிடுவான். தூக்கம் மிகுந்த பையன் அவன். தானாக விழிக்க முடியாது. அதற்கும் ஒரு வழி கண்டான். ஒரு கயிற்றின் நுனியைத் தன்னோடு கட்டிக்கொண்டு, மறு நுனியைச் சன்னல் வழியே தோட்டத்துக்குத் தொங்கவிட்டான். தோட்டக்காரர் அதிகாலையில் வந்து கயிற்றை இழுப்பார். வீட்டார் உறக்கம் கலையாமல் இவன் எழுந்து போய்விடுவான்.

ஓய்வு நேரம் எங்கே போயிற்று?

பியர் ஜார்ஜோவுக்கு இருந்த விருப்பங்களைக் கணக்கிட்டால் மலைப்பாக இருக்கிறது. மலையேறுதல், பனிச்சறுக்கு, மிதிவண்டி, நீச்சல், குதிரையேற்றம். நாடகம், இசை நாடகம், ஓவியக்கூடங்கள். தாந்தேயின் காவியத்தை நண்பர்கள் நடுவே உரக்க ஒப்பிப்பது. புனித சின்னப்பரின் நிருபங்களையும் புனித சியன்னா கத்தரீனம்மாளின் எழுத்துக்களையும் விரும்பிப் படிப்பது. பாட்டு என்றால் உயிர். ஆனால் சுருதி சேராது. சேராவிட்டால் என்ன என்று நடுக் கூட்டத்தில் நின்று எல்லோரையும்விட உரக்கப் பாடுவான். எங்கள் பாடகர் குழுவிலும் இப்படிச் சிலர் உண்டு. அவர்கள் மனம் தளர வேண்டாம்.

இவற்றோடு இன்னொன்று, 1918இல், பள்ளி மாணவனாயிருந்த 17ஆம் வயதில் வந்து சேர்ந்தது. அதுதான் புனித வின்சென்ட் தே பவுல் சபை. அந்தச் சபையை 1833இல் பாரீஸ் நகரில் தொடங்கிய பிரெதெரிக் ஓசானாமும் அப்போது 20 வயது மாணவரே என்பதை நம்மில் பலர் மறந்துவிட்டோம். சபையின் வேலை எல்லாரும் அறிந்ததே: ஏழையைத் தேடி அவன் வீட்டுக்கே போவது. தூரின் நகரின் ஒடுங்கிய சந்துகளில், காற்றோட்டமில்லாத மாடியறைகளில், போரில் ஊனமுற்றவர்களும் வேலையிழந்த தொழிலாளரும் காசநோயாளிகளும் அடைந்து கிடந்தார்கள். அந்த நாற்றத்தையும் இருளையும் கடந்து இவர் படியேறினார்.

கொடுப்பதற்குப் பணம் ஏது? தந்தை செல்வரானாலும் பிள்ளைகளுக்குக் கைச்செலவுக்கு அளந்துதான் கொடுப்பார். அந்தச் சிறு தொகை ஏழைகளிடம் போகும். வண்டிக்கு வைத்திருந்த காசும் போகும். பிறகு, சாப்பாட்டு வேளை தவறாதிருக்க ஊரைக் கடந்து ஓட்டமாக ஓடி வீடு சேருவார். வியர்த்து மூச்சு வாங்க வந்து உட்காரும் மகனைப் பார்த்து, ஊர் சுற்றிவிட்டு வருகிறான் என்றுதான் வீட்டார் எண்ணினார்கள். அவரும் விளக்கம் சொன்னதில்லை. ரயிலில் மூன்றாம் வகுப்பில் பயணம் செய்து மிச்சம் பிடித்த காசும் மருந்தாக, நிலக்கரியாக, குழந்தைகளுக்குக் காலணியாக மாறியது.

வாடகை கொடுக்க முடியாமல் தெருவுக்கு வந்த குடும்பங்களின் தட்டுமுட்டுச் சாமான்களைக் கைவண்டியில் ஏற்றி, தாமே தள்ளிக்கொண்டு போவார். செனட்டரின் மகன் நடுத்தெருவில் வண்டி தள்ளுகிறானே என்று சிரித்த நண்பர்கள், பிரசாத்தி சாமான் போக்குவரத்துக் கம்பெனி என்று அவருக்குப் பட்டப்பெயர் சூட்டினார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். தந்தை தூதராயிருந்த பெர்லின் நகருக்குப் போயிருந்தபோது, கடுங்குளிரில் நடுங்கிய ஏழை ஒருவருக்குத் தம் மேலங்கியைக் கொடுத்துவிட்டார். தந்தை கோபித்தபோது, அந்த ஆளுக்குக் குளிராக இருந்தது என்பதே அவர் தந்த எளிய பதில். அதற்குமேல் விளக்கம் தேவை என்று அவருக்குத் தோன்றவில்லை.

மலையும் தோழமையும்

1918இல் தூரின் பொறியியல் கல்லூரியில் சேர்ந்தபோது அவர் தேர்ந்துகொண்டது சுரங்கத் துறை. அந்நாளில் மிகவும் கடினமாக உழைத்து, மிகக் கொஞ்சம் பெற்றவர்கள் சுரங்கத் தொழிலாளர். அவர்கள் நடுவே கிறிஸ்துவுக்காகப் பணி செய்ய வேண்டும் என்பது அவர் எண்ணம். கத்தோலிக்க மாணவர் கழகத்திலும், குரு லூயிஜி ஸ்துர்சோ 1919இல் தொடங்கிய மக்கள் கட்சியிலும் உழைத்தார். 1921இல் உரோமையில் கத்தோலிக்க இளைஞர் பேரணியைக் காவலர் தாக்கியபோது, கொடியைக் கைவிடாமல் காத்து நின்று கைதானார். இன்னாருடைய மகன் என்று அறிந்து அவரை மட்டும் விடுவிக்க அதிகாரிகள் முன்வந்தனர். தோழர்களை விட்டுத் தாம் மட்டும் வெளியேற அவர் சம்மதிக்கவில்லை. முசோலினியின் ஆட்சியை வெளிப்படையாக வெறுத்தார். 1924இல் பாசிசக் குண்டர்கள் வீட்டுக்குள் புகுந்து பொருட்களை உடைத்தபோது, தனியாளாக எதிர்த்து விரட்டினார்.

1922இல் புனித சாமிநாதர் மூன்றாம் சபையில் சேர்ந்தார். ஞாயிறுகளிலும் விடுமுறைகளிலும் மலை அவரை அழைத்தது. மலையேற்றக் குழுக்களில் உறுப்பினராகி, நண்பர்களையும் கூட்டிச் செல்வார். புறப்படுமுன் திருப்பலி, வழியெல்லாம் பாட்டும் கேலியும், உச்சியில் செபம். பின்தங்கும் தோழனுக்குச் சோர்வு வெளியே தெரியாதபடி, தமக்கே களைப்பு என்று சொல்லி நின்றுகொள்வார். 1924 மே மாதத்தில் நெருங்கிய நண்பர்கள் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தார்கள். வேடிக்கையாக அதற்குப் போக்கிரிகள் சங்கம் என்ற பொருளில் பெயரிட்டார்கள். பிரெஞ்சுப் புரட்சித் தலைவர் ரொபெஸ்பியர் பெயரே அதில் இவருக்குப் புனைபெயர். மேலுக்கு விளையாட்டு, உள்ளே, ஒருவருக்காக ஒருவர் செபிப்பது என்ற உறுதிப்பாடு.

படிப்பை அவர் அலட்சியம் செய்தார் என்று மாணவர் எவரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பாடங்கள் அவருக்கு எளிதில் வரவில்லை. மணிக்கணக்காக உட்கார்ந்து, தேர்வுக்காகத் தமக்குப் பிடித்த மலைப் பயணங்களையும் விட்டுக்கொடுத்துப் படித்தார். ஆயினும் வீட்டில் அவருக்கு மதிப்பில்லை. ஆண்டுகள் போகின்றன, பட்டம் வரவில்லை, பொறுப்பு வரவில்லை என்பதே தந்தையின் மனக்குறை. 1925 ஜூனில், பட்டம் பெற்றதும் மகன் தம் நாளிதழ் நிர்வாகத்தில் அமர வேண்டும் என்ற விருப்பத்தை, தாமே சொல்லாமல் அலுவலக நண்பர் ஒருவர் மூலம் சொல்லியனுப்பினார். சுரங்கத் தொழிலாளர் நடுவே பணிபுரியும் கனவு அத்தோடு முடிந்தது. தந்தைக்கு அது மகிழ்ச்சி தருமானால் சரி என்று மகன் தலைவணங்கினார்.

ஐந்து நாட்கள்

1925 ஜூன் 30ஆம் நாள், நண்பர்களோடு போ ஆற்றில் படகு விட்டுக்கொண்டிருந்தபோது முதுகில் வலி கண்டது. வீடு வந்தால், அங்கே பாட்டி மரணப் படுக்கையில். எல்லாருடைய கவனமும் அங்கே. ஜூலை 1ஆம் நாள் பாட்டி இறந்தார். தலைவலியும் காய்ச்சலுமாய்க் கிடந்த பேரனை ஒருவரும் பொருட்படுத்தவில்லை. வேண்டிய வேளையில் உதவிக்கு வரவில்லை என்று அவரைக் குறைகூறவும் செய்தார்கள். அவரைக் கொன்றுகொண்டிருந்தது இளம்பிள்ளை வாதம். ஏழைகளின் இல்லங்களில்தான் அது தொற்றியிருக்க வேண்டும் என்று கருதப்படுகிறது. நோய் இன்னதென்று தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. அதற்குத் தடுப்பு மருந்து வர இன்னும் 30 ஆண்டுகள் இருந்தன.

ஜூலை 3ஆம் நாள் வெள்ளிக்கிழமை. வின்சென்ட் சபையின் ஏழைகளை வழக்கமாகச் சந்திக்கும் நாள் அது. கை ஏறக்குறைய செயலற்றுவிட்டது. அந்தக் கையால், வாசிக்கவே கடினமான எழுத்தில், சபை நண்பருக்குச் சிறு சீட்டு ஒன்று எழுதினார். ஓர் ஏழை நோயாளிக்குப் போய்ச் சேர வேண்டிய ஊசி மருந்தையும், இன்னோர் ஏழையின் அடகுச் சீட்டைத் தம் கணக்கில் புதுப்பிக்க வேண்டியதையும் அதில் நினைவூட்டினார். மறுநாள் சனிக்கிழமை மாலை உயிர் பிரிந்தது. பட்டத்துக்கு இரண்டே தேர்வுகள் மீதமிருந்தன.

அடக்கத்துக்குத் தந்தையின் நண்பர்களான அரசியல் பெருமக்களும் பத்திரிகையாளரும் வருவார்கள் என்று வீட்டார் எதிர்பார்த்தார்கள். கதவைத் திறந்தபோது தெருவே நிறைந்திருந்தது. கந்தல் உடுத்தவர்கள், ஊன்றுகோல் ஊன்றியவர்கள், கைக்குழந்தையோடு தாய்மார், கண்ணிழந்தோர் என ஆயிரக்கணக்கில் ஏழைகள் அழுதுகொண்டு நின்றார்கள். அவர்களை அந்த வீட்டார் முன்பின் பார்த்ததில்லை. தங்களைத் தேடி வந்த பையன் இவ்வளவு பெரிய வீட்டுப் பிள்ளை என்பதை அந்த ஏழைகளில் பலரும் அன்றுதான் அறிந்தார்கள். தம் மகன் யார் என்பதைப் பெற்றோரும் அன்றுதான் அறிந்தார்கள்.

பங்கு மக்களே, இந்த வரலாற்றில் என் உள்ளத்தை மிகவும் தொடும் இடம் இதுவே. 24 ஆண்டுகள் ஒரே மேசையில் உட்கார்ந்து உண்டிருக்கிறார்கள். மகன் எப்போது வந்தான் என்று கணக்குப் பார்த்தார்கள். எங்கே போய் வந்தான் என்று அன்பாகக் கேட்கவில்லை. மதிப்பெண்ணைப் பார்த்தார்கள், மனிதனைப் பார்க்கவில்லை.

திருச்சபையின் தீர்ப்பு

சலேசியக் குருவும் பியர் ஜார்ஜோவின் ஆசிரியருமான அந்தோனியோ கொயாட்சி 1928இல் அவர் வரலாற்றை எழுதி வெளியிட்டார். புனிதர் பட்டத்துக்கான விசாரணை 1932இல் தொடங்கியது. ஆனால் இளைஞரும் இளம்பெண்களுமாகச் சென்ற அந்த மலைப் பயணங்களைப் பற்றி எழுந்த வீண் சந்தேகங்களால் அது பல்லாண்டுகள் தடைப்பட்டுக் கிடந்தது. தங்கை லூசியானா சளைக்காமல் சாட்சியங்களைத் திரட்டி அண்ணனின் தூய்மையை நிலைநாட்டினார். 1981இல் பொல்லோனே கல்லறையைத் திறந்தபோது உடல் அழியாதிருக்கக் கண்டார்கள்; அது தூரின் பேராலயத்துக்குக் கொண்டுவரப்பட்டது.

தாமும் மலையேறும் பழக்கமுள்ள பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர், இவரை எட்டுப் பேறுகளின் மனிதர் என்று அழைத்து, 1990 மே 20ஆம் நாள் முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தினார். தங்கை லூசியானா 105ஆம் வயது வரை வாழ்ந்து 2007இல் இறந்தார். 2025 செப்டம்பர் 7ஆம் நாள், பாப்பரசர் பதினான்காம் லியோ, 15 வயதில் இறந்த கார்லோ அகூத்திஸ் என்னும் மாணவனோடு சேர்த்து இவரையும் புனிதராக அறிவித்தார். ஒரு காலத்தில் சந்தேகத்துக்கு இடமான அதே மலைப் படங்கள், இன்று இளைஞர் கையில் செபப் படங்களாக இருக்கின்றன.

மாணவச் செல்வங்களே, விளையாடுங்கள், பாடுங்கள், மலையேறுங்கள், பாடத்தையும் விடாதீர்கள். ஆனால் வாரத்தில் ஒரு மணி நேரமாவது உங்களைவிட எளியவர் ஒருவரின் வாசலில் நில்லுங்கள். பெற்றோரே, மாலையில் தாமதித்து வரும் பிள்ளையிடம் நேரத்தைக் கேட்குமுன், எங்கே போயிருந்தாய் என்று அருகில் உட்கார வைத்துக் கேளுங்கள். சொல்வதைப் பொறுமையாகக் கேளுங்கள். உங்கள் பிள்ளை யார் என்பதை அவன் உயிரோடிருக்கும்போதே அறிந்துகொள்ளும் பேறு உங்களுக்குக் கிடைக்கட்டும். இனி என்னிடம் முறைப்பாடு வந்தால் நானும் முதலில் அதையே கேட்பேன்.

புனித பியர் ஜார்ஜோவே, எங்கள் இளைஞருக்காகவும் எங்கள் இல்லங்களுக்காகவும் வேண்டிக்கொள்ளும்.